கன்ட்ரோல் சி, நான்கு முறை

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. ஹுவைதா அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். அரபியில் எழுதினால் அவர் படித்துவிடுவாரே என்ற பயத்தில், இங்கே எனக்கு மட்டும் தெரிந்த தமிழில் எழுதத் தொடங்கினேன். ஒருவரால் படிக்க முடியாத மொழியில் அவருக்கு எழுதுவது கடிதம் ஆகாது என்பது இரண்டாம் பக்கத்தில்தான் உறைத்தது. அதனால் இது கதை.

மர்மம் வைத்து எழுத எனக்கு வராது. நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரபி பேசும் இந்தக் கடற்கரை ஊரில், எங்கள் நீர் ஆய்வகத்தில் ஹுவைதா அக்கா ஒரு கருவியை நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. ஆறு குப்பி ஏரித் தண்ணீர் வீணானது. அவரைக் கருவியிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் குப்பி கழுவும் அறைக்கு அனுப்ப ஆணை தயாரானது. கருவி ஏன் நிற்கவில்லை என்று அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். ஒன்பது நாட்களாகத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

'அவள்' என்று எழுதியிருக்கிறேன். நான்.

(கதையில் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அழகுக்காக அப்படி விடவில்லை. என் மடிக்கணினியில் தமிழ் எழுத்து இயங்கும்போது கன்ட்ரோல் இசட் வேலை செய்வதில்லை. எழுதியதைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்தாக அழிக்க வேண்டும். சிலவற்றை அழித்தேன். சிலவற்றுக்குச் சோம்பல்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மனிதன் கருவியைப் படைத்தான். கருவியோ மனிதனை—"

வேண்டாம். மாணவர் மலருக்கு எழுதுவது போல இருக்கிறது.

இரண்டாவது: "மரியூத் ஏரியில் அன்று காலை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன."

நல்ல வாக்கியம். ஆனால் நான் அங்கே இல்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாணலுக்குள் இறங்கிப் பன்னிரண்டு குப்பிகளை நிரப்பியவர் ஹுவைதா அக்கா. என் வாக்கியத்துக்காக அவர் கண்ணைக் கடன் வாங்க முடியாது.

மூன்றாவது தொடக்கம் உரைநடைப் பாடம் போல இருக்கும். இருந்தாலும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

விசைப்பலகையில் சில விசைகளைத் தனியாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட். இன்னொரு விசையோடு சேர்ந்தால்தான் அவற்றுக்கு வேலை. அது என்ன வேலை என்பது எந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அலுவலகப் பிரிவின் கணினியில் கன்ட்ரோலும் சி-யும் சேர்ந்தால் நகல். ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் எங்களுக்கு வந்த வெள்ளை மடிக்கணினியில் அதே இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமில்லை. அங்கே நகலெடுக்க, இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு விசை வேண்டும். கருவியோடு வந்த கறுப்புக் கணினியில் அதே இரண்டும் சேர்ந்தால் 'நிறுத்து'.

(இந்த இடத்தில், தனியாக ஒன்றும் செய்யாத விசையோடு என்னை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். விசை பாவம்.)

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கருவி வந்தது. நீளமான ஊசிக் கை ஒன்று ஒவ்வொரு குப்பியாகக் குனிந்து தண்ணீரை உறிஞ்சி உள்ளே அனுப்பும். அனுப்பியது திரும்ப வராது. அதை இயக்க எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் பயிற்சி கொடுத்தார்கள்.

"ஏன்டி, நகல் எடுக்கிற கீ எப்படி மெஷினை நிறுத்தும்?" என்று ஹுவைதா அக்கா என் காதில் கேட்டார்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல அதுக்கு அர்த்தம் வேற, அக்கா."

"அதானே. நம்ம டைரக்டர் கையெழுத்து மாதிரி. ஒரு மாடியில போட்டா பதவி உயர்வு, இன்னொரு மாடியில போட்டா இடமாத்தம்."

பயிற்சி கொடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா நோட்டில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

3

ஹுவைதா அக்கா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவர் மேல் இல்லை. நான் எழுதிய பாத்திரத்தின் மேல்.

முதல் வரைவில் அவருக்குப் பார்வை மங்கல் என்று எழுதினேன். இரண்டாம் வரைவில் விரல்கள் தடித்தவை என்றும், கணினி என்றாலே அவருக்குப் பதற்றம் என்றும் சேர்த்தேன். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று பிறகு யோசித்தேன். அவர் எவ்வளவு தடுமாறுகிறாரோ, அவ்வளவு என் தப்பு சிறியதாகிறது.

எனவே உண்மையான ஹுவைதா அக்கா. வயது ஐம்பத்து நான்கு. இந்த ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடங்கள். குப்பியைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு அமோனியா இவ்வளவு இருக்கும் என்பார். கருவி இருபது நிமிடம் கழித்துக் கிட்டத்தட்ட அதே எண்ணைச் சொல்லும். வெள்ளரிக்காயை நறுக்காமல் அப்படியே கடித்துத் தின்பார். புயல் மழை நாட்களில் கடற்கரைச் சாலை முழுக்க அலை ஏறி நின்றாலும் எட்டு மணிக்கு வந்துவிடுவார். வழியில் எத்தனை மைக்ரோபஸ் வேன் ஓட்டுநர்களைத் திட்டினார் என்ற பட்டியலோடு. விரல்கள் மெலிந்தவை. பார்வையில் ஒரு குறையும் இல்லை.

டாக்டர் வகீஹ் மேலும் சந்தேகம். அவர்தான் எங்கள் டைரக்டர். இந்த மாதிரிக் கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் வசதி. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. மீன்கள் செத்ததற்குக் காரணம் கேட்டு மீனவர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். மேலிடம் அவரிடம் அறிக்கை கேட்டிருந்தது. பயந்துபோயிருந்தார். எந்த வேலையையும் 'ஒரு நொடி வேலை' என்று சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. அதுதான் அவரிடம் நான் கண்ட ஒரே குறை. அதுவும் இந்தக் கதைக்குத் தேவைப்படுகிறது.

4

இனி ஒன்பது நாட்கள்.

புகார்க் கோப்புகள் மேலிடத்துக்குப் போவதால், மாதிரிகளின் பெயர்களை இனி எல்லாக் கணினிகளிலும் அரபியில்தான் பதிய வேண்டும் என்று டாக்டர் வகீஹ் சுற்றறிக்கை விட்டார். கறுப்புக் கணினியில் அரபி இல்லை.

"டாக்டரம்மா, இதுல அரபி போட்டுக் கொடேன்" என்றார் ஹுவைதா அக்கா. நான் டாக்டர் இல்லை. வேதியியல் பட்டம் மட்டும்தான். கிண்டல் செய்ய வேண்டுமென்றால் அவருக்கு நான் டாக்டரம்மா.

போட்டுக் கொடுத்தேன். ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அரபி. இன்னொரு முறை அழுத்தினால் ஆங்கிலம். திரையின் மூலையில் எந்த மொழி என்று சின்னதாகக் காட்டும். அக்கா என் தோளில் தட்டினார். மின்சாரம் பார்க்கும் நஸீஃப், "இந்தப் பொண்ணு பேசாது, ஆனா வேலையில கில்லாடி" என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

மறுநாள், திங்கட்கிழமை, நான் கழுவு நீர் வைத்துக் கருவியை ஓட்டினேன். பெயரை அரபியில் அடித்தேன். நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. கன்ட்ரோல் சி அழுத்தினேன்.

நிற்கவில்லை. திரையில் ஓர் அரபி எழுத்து விழுந்தது. சி இருக்கும் அதே விசையில் அரபிக்கு வேறோர் எழுத்து உண்டு. வட்டத் தலை, வளைந்த வால், தலைக்கு மேல் ஒரு சின்னக் குறி. தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். மறுபடி அழுத்தினேன். இன்னொரு தலைப்பிரட்டை.

ஆய்வகத்தின் மற்றக் கணினிகளில் மொழி எதுவாக இருந்தாலும் கன்ட்ரோல் தன் வேலையைச் செய்யும். அரபியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நகல் எடுப்போம், ஒட்டுவோம். யாரும் மொழியை மாற்றிவிட்டு நகல் எடுப்பதில்லை. இந்தக் கணினியில் மட்டும் அரபி இயங்கும்போது கன்ட்ரோலுக்குக் காது கேட்கவில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றி அழுத்தினேன். உடனே நின்றது.

அப்போதே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். அக்கா, இதை நிறுத்தும் முன்னால் மொழியை மாத்திக்கோங்க. ஆறு சொற்கள்.

சொல்லவில்லை. காரணம் சின்னது. நேற்றுத்தான் கில்லாடி என்றார்கள். இன்று, நான் போட்டுக் கொடுத்தது கோளாறு என்று சொல்ல வேண்டும். நஸீஃப் கேட்டால் ஒரு வாரம் கிண்டலடிப்பார். யாருக்கும் தெரியும் முன் நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சரிசெய்ய வரவில்லை. ஒரு நாள் தாமதமானதைச் சொல்ல ஒரு சொல் அதிகம் வேண்டும். நான்கு நாள் தாமதமானதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும். ஒன்பதாம் நாள்—

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. ஏரியிலிருந்து வந்த பன்னிரண்டு குப்பிகளும் கருவியில் ஏறின.

5

நான் எதிரில் இருந்தேன்.

ஹுவைதா அக்கா மாதிரியின் பெயரை அரபியில் அடித்தார். கருவி ஓடத் தொடங்கியது. முதல் குப்பியிலேயே குழாயில் காற்றுக் குமிழ் ஏறியதைப் பார்த்துவிட்டார். காற்று ஏறினால் அளவு தப்பு. நிறுத்த வேண்டும். கன்ட்ரோல் சி. தலைப்பிரட்டை. மறுபடி. மறுபடி. நான்கு முறை அழுத்தினார். ஊசிக் கை இரண்டாம் குப்பிக்குப் போனது, மூன்றாவதுக்குப் போனது.

"என்னடி இது, நிக்க மாட்டேங்குது!"

நான் எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் ஞாபகம். மேசையைச் சுற்றி வர வேண்டும். நடுவில் ஒரு நாற்காலி. வாயால் சொல்லியிருந்தால் நாற்காலி தடுத்திருக்காது. ஆல்ட் ஷிஃப்ட், அக்கா. மூன்று சொற்கள்.

கருவியில் அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. இரண்டு வருடமாக வேலை செய்வதில்லை. அதை யாரும் நம்பிவிடக் கூடாது என்று நஸீஃப் அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார். ஆறாவது குப்பி காலியானபோது அக்கா குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். எல்லாம் அணைந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வகீஹ் உள்ளே வந்தார். அவர் கண்டது, கையில் பிளக்கோடு நிற்கும் ஹுவைதா அக்காவையும் ஆறு காலிக் குப்பிகளையும்தான்.

"ஐஸ் பெட்டியா இது, பிளக்கைப் பிடுங்கி நிறுத்த?"

"கன்ட்ரோல் சி அழுத்தினேன் டாக்டர். கேக்கல."

"மெஷின் சொன்னா கேக்கும், மேடம். நம்மதான் சரியா சொல்லணும்."

சாயங்காலத்துக்குள் ஆணை தட்டச்சாகிவிட்டது என்று நஸீஃப் சொன்னார். மறுநாள் வியாழன், வாரத்தின் கடைசி வேலை நாள்; இங்கே வெள்ளி, சனி விடுமுறை. கையெழுத்தாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா கீழே.

6

வியாழக்கிழமையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: நான் டாக்டர் வகீஹ் அறைக் கதவைத் தட்டி, நிமிர்ந்து நின்று, "தப்பு அவங்களோடது இல்ல, என்னோடது" என்கிறேன். ஜன்னல் வழியே கடல் தெரிகிறது. இந்த விதத்தில் நான் இரண்டங்குலம் உயரமாக இருக்கிறேன். நீக்கிவிட்டேன்.

இரண்டாம் விதம்: பெயரில்லாத ஒரு தாளை டைரக்டரின் மேசையில் வைக்கிறேன். இது கொஞ்சம் உண்மை. தாளை எழுதினேன். ஆனால் இங்கே கணினி விஷயத்தை இவ்வளவு விவரமாகவும் இவ்வளவு பிழையில்லாமலும் எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். பெயர் எழுதாவிட்டாலும் பெயர் எழுதியது மாதிரிதான். கிழித்துவிட்டேன்.

மூன்றாம் விதம் நடந்தது.

காலை பத்து மணிக்கு டாக்டர் வகீஹ் ஆணைத் தாளோடு கருவி அறைக்கு வந்தார். ஹுவைதா அக்கா, நஸீஃப், நான்.

"மேடம், இதுல உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்ல. 'பணி மாற்றம்'னு மட்டும்தான் இருக்கு. பாத்துட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க. ஒரு நொடி வேலை."

"குறை இல்லன்னா எதுக்கு டாக்டர் கீழ அனுப்புறீங்க? அங்க குழாய்ல தண்ணி வரலையா, என் கண்ணீர்ல குப்பி கழுவணுமா?"

நஸீஃப் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"ரெண்டு கீ, மேடம். என் பேத்தி பண்ணுவா. அவளுக்கு ஏழு வயசு."

"நானும் அதைத்தான் அழுத்தினேன். நாலு தடவை."

"அழுத்தியிருந்தா நின்னிருக்கும்."

"அப்போ நான் பொய் சொல்றேன்?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அழுத்தவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடம் நம்பிய கை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், நீங்க ஒரு தடவை நிறுத்திப் பாருங்களேன்."

என் குரல்தான். மூன்று வருடத்தில் அவரிடம் நானாகப் பேசிய முதல் வாக்கியம். நஸீஃப், மேசை பேசியது போலத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்திக் காட்டுறேனே! இதுல என்ன இருக்கு?" டாக்டர் வகீஹ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பன்னிரண்டு குப்பிகளில் குழாய்த் தண்ணீர் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். அவர் உட்கார்ந்தார். சுற்றறிக்கை அவருடையது என்பதால் பெயரை அரபியில் அழகாக அடித்தார்: 'சோதனை – டாக்டர் வகீஹ்'. மூலையில் மொழிக் குறி அரபியில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கருவி ஓடியது. "பாத்துக்கோங்க" என்றார். கன்ட்ரோல் சி.

தலைப்பிரட்டை.

"சரியா படல" என்றார். இன்னொன்று. இன்னொன்று. இப்போது ஆள்காட்டி விரலால் குத்தினார்.

"ரெண்டாவது குப்பி, டாக்டர்" என்றார் ஹுவைதா அக்கா. அவர் குரல் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. "மூணாவது."

"இருங்க மேடம், இருங்க. நிக்கும்."

"நாலாவது. பேத்தியை வரச் சொல்லலாமா?"

திரையில் பத்துப் பதினைந்து தலைப்பிரட்டைகள் வரிசையாக நீந்தின. டாக்டர் வகீஹ் எழுந்து, கருவியின் சிவப்புப் பொத்தானை ஒட்டுநாடாவோடு சேர்த்து அழுத்தினார். ஊசிக் கை ஐந்தாவது குப்பிக்குக் குனிந்தது.

ஹுவைதா அக்கா சுவரோரம் போய்க் குனிந்து, மரியாதையாகக் கேட்டார்:

"பிடுங்கட்டுமா, டாக்டர்?"

"பிடுங்குங்க! பிடுங்குங்க!"

7

அறையில் எழுந்த சிரிப்பை எழுதத் தெரியவில்லை. நஸீஃப் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வகீஹ் முதலில் சிரிக்கவில்லை. பிறகு அவருக்கும் வந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு, "தலை எழுத்து" என்று சிரித்தார். ஹுவைதா அக்கா சிரிக்கவில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி நீளமாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு எனக்குள்ளும் இறங்கியது.

மின்சாரம் கொடுத்து, கருவியை மறுபடி ஓட்டி, நானே ஆல்ட் ஷிஃப்ட் அழுத்திப் பிறகு கன்ட்ரோல் சி அழுத்தினேன். நின்றது.

"இதுல அரபி இருந்தா கன்ட்ரோல் கேக்காது, டாக்டர். மத்த கம்ப்யூட்டர்ல கேக்கும். இதுல கேக்காது. அவங்க அழுத்தினது சரி."

"யாரு இதுல அரபி போட்டது?"

"போட்டது நான்."

"போடச் சொன்னது உங்க சுற்றறிக்கை, டாக்டர்" என்றார் தரையிலிருந்த நஸீஃப்.

டாக்டர் வகீஹ் ஆணையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது வேண்டாம்" என்றார். பிறகு கொஞ்சம் நின்று, "மன்னிச்சுக்கோங்க, மேடம். உங்க கை சரியாத்தான் இருக்கு" என்றார். கெட்டவராக எழுதியிருந்தால் இந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது.

(ஏரித் தண்ணீரில் மீதி ஆறு குப்பிகள் போதுமா என்று கேட்பீர்கள். போதும். மதியத்துக்குள் ஹுவைதா அக்கா ஆறையும் ஓட்டி முடித்தார். முகர்ந்து சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே கருவியும் சொன்னது. அறிக்கை போய்விட்டது.)

ஒரு கேள்வி பாக்கி. 'உனக்கு இது எப்போதிலிருந்து தெரியும்?' நாட்கணக்காக அதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. கதையை இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். "அன்று மாலை கடற்காற்று லேசாக—"

இல்லை.

8

மாலை நான்கு மணி. மைக்ரோபஸ்ஸுக்கு நிற்கும் இடம். ஹுவைதா அக்காவும் நானும் மட்டும். அவர் உற்சாகமாக, 'பேத்தியை வரச் சொல்லலாமா' என்று தான் கேட்டபோது டைரக்டரின் முகம் போன போக்கை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நிக்காதுன்னு. போன வாரம் திங்கக்கிழமையிலிருந்து. ஒன்பது நாளா தெரியும். சொல்லல."

ஒரு வண்டி வந்தது. ஓட்டுநர் கையை நீட்டி எங்களைப் பார்த்தார். அக்கா ஏறவில்லை. வண்டி போய்விட்டது. ஹுவைதா அக்கா ஒரு வண்டியைத் திட்டாமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து நடந்தது கீழே மூன்றில் ஒன்று. மற்ற இரண்டும் நான் இட்டுக்கட்டியவை.

அ. அவர் சொன்னார்: "ஒன்பது நாள்தானே? இந்த ஆபீஸ்ல யாரும் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டதே இல்லடி."

ஆ. அவர் சொன்னார்: "நேத்து வீட்டுல போய் அழுதேன். என் கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் நான் அழுது பாத்ததில்ல. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

இ. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வண்டி வந்ததும் முதலில் ஏறினார். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையைக் காலியாக்கினார்.

நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என் மேல் இரக்கம் என்றால் முதலாவது. கோபம் என்றால் இரண்டாவது. மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர் என்றால் மூன்றாவதை எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதுவும் தப்பாக இருக்கலாம். எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்றில் எதுவாக இருந்தாலும் அதைச் சம்பாதித்தது நான்தான். எல்லாவற்றையும் கேட்கத் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். திறந்த பிறகு, எது வந்தாலும் சரி என்று இருந்தது.

மூன்று முடிவுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போனேன். ஹுவைதா அக்கா கறுப்புக் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். புதுக் குப்பிகள் காத்திருந்தன. அவர் திரும்பாமலேயே சொன்னார்:

"வந்தியா? கதவைச் சாத்து, காத்து அடிக்குது. இன்னைக்குப் பேரை நீ அடி. நான் குப்பியை வைக்கிறேன்."